வாட்சைக் கழற்றி வைத்துவிட்டேன்

மத்திகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சுரேந்தருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும், கிருஷ்ணகிரியில் உன் அக்கா சுவாதி வீட்டாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிக் கேட்காதே. ஜெர்மனிக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். போனில் பேசினால் நீ அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன், சுவாதி படம் பிடித்து அனுப்புவாள்.

அப்பாவின் கருமாதி முடிந்து நீ திரும்பும்போது அவருடைய வாட்சை என் கையில் கட்டிவிட்டுப் போனாய். தினமும் கடை மெஷினில் இந்த வாட்சைத் தட்டி ஒரு பால் பாக்கெட் வாங்கினாலும் போதும், காசு என் கணக்கிலிருந்து போகும், மெசேஜ் வந்ததும் நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன் என்று சொன்னாய். நான் ஒரு நாளும் தட்டவில்லை. ஏம்மா இப்படிப் பண்றே என்று நீ கோபித்துக்கொள்வதும் நியாயம்தான். அதற்குப் பதில் சொல்லாமல் எத்தனை நாள் மழுப்புவது? சொல்லாதே என்றுதான் சுவாதி சொல்கிறாள். கேள் கண்ணு.

நீ அந்த வாட்சை வாங்கித் தந்தபோது அப்பாவுக்குப் பிடிபடாத சந்தோஷம். கம்பெனியில் இரும்போடு கிடந்து ரேகை தேய்ந்த விரல், போனில் எதை அழுத்தினாலும் ஒன்று இரண்டாக விழும் என்று எரிச்சல்படுவார். வாட்சில் அந்தத் தொல்லையில்லை, திம்மப்பன் பேக்கரியில் கையை நீட்டினால் ஆயிற்று. திம்மப்பன் அவரைக் கன்னடத்தில் சாவ்கார், பெரிய பணக்காரர் என்று கேலி பண்ணுவார், இவரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டுதான் போவார். அப்புறம் அந்த மழை நாள் நினைவிருக்கிறதா? சிக்னல் இல்லாமல் பேக்கரி மெஷின் வேலை செய்யவில்லை, உனக்கு மெசேஜ் வரவில்லை, எங்கள் போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. நீ பதறிப்போய் அக்காவுக்கும் பக்கத்து வீட்டு அன்புமணிக்கும் போன் போட்டு, தெருவே வந்து நம் கதவைத் தட்டியது. உள்ளே இவர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், இவர் சிரிக்கவில்லை. பிள்ளை அங்கே எவ்வளவு துடிச்சிருப்பான் என்று அன்றைக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. சர்க்கரை ஏறியபோது டீயை நிறுத்தச் சொன்னார் டாக்டர், அப்போதும் போய் பிஸ்கட் வாங்கித் தெருநாய்க்குப் போட்டுவிட்டு வருவார். காய்ச்சல் அடித்தாலும் மப்ளரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கு அது சில சமயம் கோபமாகக்கூட இருக்கும்.

அந்தக் காலையில் எழும்போதே நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி இருக்கிறது என்றார். முகமெல்லாம் வேர்வை. ஆட்டோ கூப்பிடுகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். இரு ருக்கு, பேக்கரிக்குப் போயி ஒரு தட்டு தட்டிட்டு வந்துடறேன், பையன் எந்திரிச்சதும் அதைத்தான் பாப்பான், இல்லேன்னா பயந்துக்குவான் என்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது பிரட் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

காலைல கூடக் கடைக்குப் போயிருக்காரு, கஷ்டப்படாமப் போயிட்டாரு என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி நீ ஆறிக்கொண்டாய். நானும் விட்டுவிட்டேன். சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, டாக்டரும் சொல்லவில்லை. நீ இதைத் தலையில் போட்டுக்கொண்டால் நான் எழுதினதே பாவமாகிவிடும். உன் மேல் உயிரை வைத்திருந்தார், பாசத்துக்கு அவருக்குத் தெரிந்த வழி அதுதான். நீ வாங்கிக் கொடுத்ததும் பாசத்தில்தான். ஆனால் அதை என் கையில் கட்டாதே சாமி. கட்டினால் நானும் அப்படித்தான் நடந்து போவேன், என் புத்தி எனக்குத் தெரியும். வாட்சை ஆஃப் பண்ணி பீரோவில் வைத்திருக்கிறேன்.

நீ தீர்க்காயுசாக, குறையொன்றுமில்லாமல் இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, தனியாக உட்கார்ந்து அழாதே. மறக்காமல் தினமும் ஒரு வார்த்தை போனில் பேசு. உடம்பு முடியவில்லையென்றால் முடியவில்லை என்றுதான் சொல்வேன், நீ பயந்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா
ருக்மணி