பிள்ளையாருக்கு நான் வைத்த கண்

என்ரை ஐயா,

முதலில் என் கண்ணில் பட்டது கோழி. எங்கள் சிவப்புப் பேடு குஞ்சுகளோடு காருக்குக் கீழால் போனது, தலையைக் குனியவில்லை. முன்பு அந்த இடத்தில் அது கழுத்தைத் தாழ்த்தி, தவழுவதுபோலத்தான் போகும். ஒருமுறை முதுகில் எண்ணெய்க் கறையோடு வெளியே வந்தபோது நீங்கள் சிரித்தீர்களே. இன்று அது நிமிர்ந்தபடியே மறுபக்கம் போனது. அதைப் பார்த்துத்தான் கார் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கும் ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்துத்தான். அதனால் இந்தக் கடிதம் எவர் கையில் கிடைத்தாலும் அவர் கொஞ்சம் சத்தமாக வாசிக்கட்டும். உங்கள் காதில் விழுமோ தெரியாது. விழாவிட்டாலும், இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

நீங்கள் போன பிறகு வாடகைக் காரை அண்ணைதான் ஓட்டுகிறார். சண்டையால் பெற்றோல் மட்டுமட்டு. கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகிறவர்களும் இப்போது மாட்டு வண்டிலில்தான் போகிறார்கள். கார் பாதி நாள் வீட்டு முன் ஒழுங்கையில், எங்கள் வேலியோரம் நிற்கும். அண்ணையும் அதனருகில் நிற்பார். துடைப்பார். பின் இருக்கையை மட்டும் பார்க்கமாட்டார்.

அந்த மாரி மழைக்காலத்தை அவர் மறக்கவில்லை, ஐயா. நெஞ்சுநோ என்று நீங்கள் சுருண்டபோது உங்கள் காரிலேயே உங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். வயல்வெளிப் பாதையில் வண்டில் சில்லுகள் அறுத்த ஆழமான தடம், நடுவில் திட்டு. காரின் வயிறு அந்தத் திட்டில் குந்திவிட்டது. சில்லுகள் சேற்றில் சும்மா சுற்றின. அவர் ஓடிப்போய் மாடு பிடித்துக்கொண்டு வரும்போது, அம்மாவின் மடியில் உங்கள் தலை குளிர்ந்திருந்தது. "நாலு விரல் உயரமா இருந்திருந்தா" என்று அடிக்கடி சொல்வார். அந்த வசனத்தை அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

இப்போது அக்காவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. தலைப்பிள்ளை என்றபடியால் எங்களோடுதான் இருக்கிறா. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தா. "பிள்ளை குறுக்கால கிடக்குது. வீட்டில வைச்சிருக்காதேங்கோ. நோக் காண முந்தி ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா. போவதென்றால் அதே வயல்வெளியால்தான் போக வேண்டும். மழை பிடித்துவிட்டது.

அதுதான் அண்ணை பரணிலிருந்து உங்கள் பாலை மரக் கட்டைகள் இரண்டையும் இறக்கினார். பின் அச்சுக்கும், அதன் மேலே பட்டை பட்டையாக அடுக்கிக் கிடக்கும் இரும்பு வில்லுக்கும் நடுவில் வைக்கவென்று நீங்கள் சீவிய கட்டைகள். கட்டையையும் வில்லையும் சேர்த்துப் பிடிக்க நீளமான ஆணி வேண்டும், இரும்பு கிடைக்கவில்லை என்று நீங்கள் அப்படியே வைத்துவிட்டீர்கள். அண்ணை எங்கேயோ ஒரு பழைய வண்டில் அச்சை வாங்கி, பட்டறைச் செல்லையாவிடம் கொடுத்து ஆணியாக்கி, அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் கிடுகு வேலியின் பொட்டு ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியபிள்ளையானதிலிருந்து அயல் ஆண்கள் நிற்கும் இடத்துக்கு நான் போவதில்லை. பள்ளிக்கூடமும் அதோடுதானே நின்றது. அவர்கள் அலவாங்கால் நெம்பி, கல் அடுக்கி, காரின் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். செல்லையா கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உது ஒரு பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் மெல்லிசு. கொப்பர் கண்ணை மூடிக்கொண்டே சீவினவர்?"

"ஐயா ஒண்டையும் சும்மா செய்யமாட்டார், செல்லையாண்ணை."

"அப்ப எந்தப் பக்கம் முன்னுக்கு?"

அண்ணை கட்டையை மடியில் வைத்து, சாறத் தலைப்பால் தூசியைத் துடைத்தார். தடித்த முனையில் ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே இரண்டு புள்ளி.

"இஞ்சை பாருங்கோ. சுழி போட்டு, கண்ணும் வைச்சிருக்கிறார். எழுத்துத் தெரியாத மனுசன், எனக்கு விளங்கட்டும் எண்டு இப்பிடி அடையாளம் வைச்சிட்டுப் போயிருக்கிறார். பிள்ளையார் முன்னுக்குப் பாத்துத்தானே போவார்."

பெருவிரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டிருந்தார். செல்லையா ஆணிகளை எடுக்கப் போனார்.

ஐயா, அந்தச் சுழி நான் போட்டது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? நீங்கள் கட்டை சீவி முடித்த அன்று நான் ஓர் ஆணியை எடுத்துக் கீறினேன். எந்த வேலையென்றாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தானே தொடங்குவது. தடித்த முனையில் இடம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். கண் இல்லாவிட்டால் பிள்ளையார் எப்படி வழி பார்ப்பார் என்று இரண்டு புள்ளியும் வைத்தேன். என் பள்ளிக்கூடக் கொப்பியிலும் அப்படித்தான் வைப்பேன். "பாலையில கீற உனக்கு என்ன பலமடி" என்று சிரித்தீர்கள். அழிக்கவில்லை.

பிறகு காருக்குக் கீழே படுத்துக்கொண்டு கட்டையை அச்சில் பிடித்துப் பார்த்தீர்கள். நான் விளக்குப் பிடித்தேன். தடிப்பைப் பின்னுக்கு வைத்துத்தான் பிடித்தீர்கள். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வரும் நீளத் தண்டில் தட்டி, "உயர்த்தினா இவன்ரை மூட்டு மடங்கிப்போகும். அச்சு கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கினாத்தான் இவன் நோகாமல் சுத்துவான்" என்றீர்கள். என்னிடம் சொன்னீர்களோ உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களோ தெரியாது. கேட்டது நான் ஒருத்திதான்.

அவர்கள் தடிப்பை முன்னுக்கு வைத்தார்கள். நட்டை இறுக்க இறுக்க, தண்டு வந்து பொருந்தும் அச்சின் மூஞ்சி நிலத்தைப் பார்த்தது. நான் வேலிக்குப் பின்னால் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஏன் எனக்கு இப்படி, ஐயா?

முடிந்ததும் செல்லையா எட்ட நின்று பார்த்தார். "கார் இப்ப கொக்கு மாதிரி நிக்குது. கொம்மா ஏற ஏணி வேணும்" என்றார்.

"ஏணி எதுக்கு? நீங்கள் குனிஞ்சு நில்லுங்கோ, முதுகில மிதிச்சு ஏறட்டும்."

சொல்லிவிட்டு அண்ணை சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

ஒழுங்கை முடக்குவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். காருக்கு அடியிலிருந்து ஒரு முனகல், கன்று ஈனமுடியாமல் கிடக்கும் மாட்டின் முனகல்போல. அது அண்ணைக்கும் கேட்டது. "புது உயரம். போகப்போகப் பழகும்" என்றார்.

நான் குசினிக்குப் போய் அடுப்படியில் நின்ற அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, கட்டை மாறிக் கிடக்குது. தடிப்புப் பின்னுக்கு வரவேணும்."

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"ஐயா சொன்னவர். அந்தச் சுழியும்..."

"கொண்ணன்ரை முகத்தைப் பாத்தனியே? இண்டைக்குத்தான் கேட்டு வாங்கிச் சோறு திண்டவன். ஆம்பிளையளின்ரை வேலைக்குள்ள உன்ரை கதையைக் கொண்டு போகாதை."

அக்காவோ பழஞ்சீலைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தா. "இனிப் பயமில்லையாம், அண்ணை சொன்னவர்" என்றா. அவவின் கை வயிற்றின் மேலேயே இருந்தது.

அந்தக் கீறல் உங்கள் கை இல்லை, என் கை என்று சொன்னால், நீங்கள் அண்ணைக்கு விட்டுப்போன ஒரே சொல்லை நான் பறித்துவிடுகிறேன். தன்னை நீங்கள் மன்னித்துவிட்டதாக நினைத்துத்தான் அவர் அந்தக் கண்களைத் தடவுகிறார். சொல்லாவிட்டால், அந்த வெளியின் நடுவில் தண்டு முறிந்து, கார் மறுபடியும் நிற்கும். அக்கா உள்ளே இருப்பா. அண்ணை மறுபடியும் மாடு தேடி ஓடுவார். அதற்குப் பிறகு அவர் திரும்பி வருவாரா?

நீங்கள் ஏன் அன்று அதைச் சீவி எறியாமல் விட்டீர்கள்? என்மேல் இருந்த செல்லம்தானா?

நாளைக் காலையில் அக்காவை ஏற்றப்போகிறார்கள். நட்டுகளை இன்னொருமுறை இறுக்கிவிட்டுப் போக இப்போது செல்லையா வந்திருக்கிறார். பேச்சுக் கேட்கிறது. மழை சற்று விட்டிருக்கிறது. இந்தப் பென்சிலை வைத்துவிட்டு எழும்ப வேண்டும் என்று எவ்வளவு நேரமாக நினைக்கிறேன்.

ஐயா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தத் திட்டில் எங்கள் வீட்டு ஆள் இன்னொருவர் கிடக்க நான் விடமாட்டேன். எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்து போனேன். இனி வருவது திரும்பி வந்து எழுதியது.

வேலிப் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு வந்தேன். செல்லையா ஸ்பானரும் கையுமாய் அப்படியே நின்றார். "உள்ளை போ" என்றார் அண்ணை. நான் போகவில்லை. கட்டையின் தடிப்பு வர வேண்டிய பின்பக்கத்தை விரலால் காட்டிவிட்டு, அண்ணையின் காலடியில் குந்தி, ஈர மணலில் விரலால் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தேன்.

உங்களுக்கு விளக்குப் பிடித்த
சின்ன மகள்