ஞாபகமில்லை என்று சொன்னேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முட்டிவலி தேவலை. உன் இருமல் நின்றதா?

இங்கே நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவேண்டும். அன்று நான் வேலை செய்யும் சலவை அறையில் இருந்தவர்கள் மேனேஜர், இஸ்திரிக்காரி, துணி மடிக்கும் அக்காதங்கை இருவர், நான். ஊருக்குப் போக, தன்னிடமிருந்து வாங்கி வைத்த பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டதற்கு இஸ்திரிக்காரியை மேனேஜர் அறைந்துவிட்டார். விசாரிக்க வந்த அதிகாரி, "நீங்க பாத்தீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"வயசாச்சுங்க, ஞாபகமில்ல" என்றேன். உன் கல்யாணத்தில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பியவர்களை இன்றும் வரிசையாகச் சொல்பவள் நான். மற்ற இருவரும் என்னைப் பார்த்தே வாயை மூடிக்கொண்டார்கள்.

இஸ்திரிக்காரி திட்டவில்லை. "உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கே, பெரியம்மா" என்றாள். மறுநாளே அவளைப் பொய்க்காரி என்று வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. தொழிலாளர் உரிமைச் சங்கத்துக்கு நானே போய், நாள், நேரம், எந்தக் கையால் அடித்தார் என்பதுவரை சொன்னேன். இப்போது லீவு நாளெல்லாம் அங்கேதான். அடிபட்ட பெண்கள் சொல்லச் சொல்ல மனதில் ஏற்றிக்கொள்கிறேன். என்னை இன்னும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை, பயப்படாதே.

பேத்தி கிறுக்கிய தாள்கள் இருந்தால் அனுப்பு, அந்தப் பெண்கள் சொன்னதையெல்லாம் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். துவைக்கும் மெஷின் நின்றுவிட்டது, துணியை எடுக்கப் போகவேண்டும். மேனேஜரை என்றாவது மன்னித்தாலும் மன்னிப்பேன். உன் அம்மாவை மாட்டேன்.