சூடானால்தான் பிடிக்கும்

1979 ஏப்ரல் 3, செவ்வாய்
எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையின் மினி காருக்குக் கொழும்பிலிருந்து இரண்டு செட் பிரேக் பேட் வந்திருக்கிறது. ஒன்று ரோட்டுக்கு, ஒன்று ரேஸுக்கு. "எதைப் போடலாம்னு நீயே பாத்துச் சொல்லு, அலோசியஸ்" என்றார். இந்த டிக்கோயாப் பக்கத்தில் துரைக்கே யோசனை சொல்லும் டிரைவர் நான் ஒருத்தன்தான் இருப்பேன். றோசலினிடம் சொன்னேன். "பெரிய ஆளுதான்" என்று ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள். பெண்டாட்டிக்கு எதைச் சொன்னாலும் இப்படித்தான்.

ஏப்ரல் 7, சனி
ஃபேக்டரிக்குக் கீழே உள்ள இறக்கத்தில் இரண்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். ரோட்டுப் பேட் முதல் மிதியிலேயே பிடிக்கிறது. ஆனால் ஏழெட்டுத் தரம் வேகமாக இறங்கி மிதித்தால் கருகல் நாற்றம் வருகிறது, பிடி விட்டுப்போகிறது. ரேஸ் பேட் நேர் எதிர். சூடானால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடும். குளிர்ந்து கிடக்கும்போது மிதித்தால் மரக்கட்டைதான். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பத்தடி போய்த்தான் நின்றது.

நுவரெலியா கார் ஓட்டத்தில் வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும். ரேஸ் பேட்தான் சரி என்று சொல்லிவிட்டேன். ஓட்டம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு இந்தக் குளிரில் தோட்டத்துக்குள் ஓட்டக்கூடாது என்றும் சொன்னேன். துரை தலையாட்டினார்.

ஏப்ரல் 22, ஞாயிறு
இரண்டாம் இடம். கடைசிச் சுற்றில் மற்றவர்கள் பிரேக் பிடிக்காமல் தடுமாறினார்கள். எங்கள் வண்டி மட்டும் வளைவு வரைக்கும் பறந்து வந்து, மிதித்த இடத்தில் அடங்கியது. கப்பைத் தூக்கியபோது துரை என்னைத்தான் பார்த்தார். பெருமை தாங்கவில்லை. இதில் என்னத்தை மறைக்க?

ஏப்ரல் 23, திங்கள்
பேட்டைக் கழற்ற ஜாக்கி போட்டேன். துரை வந்து பார்த்தார்.

"வாணாம், விடு. வர்ற ஞாயித்துக்கிழமை நானுஓயாப் பக்கம் இன்னொரு ஓட்டம் இருக்கு. ரெண்டு வேலை எதுக்கு?"

"காலைக் குளிருல பிடிக்காதுங்க தொரை."

"எனக்கு ஓட்டத் தெரியாதா?"

ஜாக்கியை இறக்கிவிட்டேன்.

ஏப்ரல் 25, புதன்
நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஆறு மணி. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போக பங்களாவிலிருந்து இறங்கினோம். துரை ஓட்டினார், நான் பக்கத்தில். எதிரே ஒன்றும் தெரியாத பனிமூட்டம். முதல் வளைவில் மிதித்தார். பிடிக்கவே இல்லை. கொழுந்து பறிக்கும் வேலாயியக்கா கூடையோடு முன்னால் நடந்துகொண்டிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஹார்ன் அடிக்கக்கூட நேரமில்லை. அந்தச் சத்தம் —

துரை இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான்தான் ஓடினேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தது என் முகத்தைத்தான். "தம்பி, என் காலு எங்க?" என்று கேட்டாள். கால் அங்கேயேதான் இருந்தது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஏப்ரல் 26, வியாழன்
துரை பங்களாவுக்குக் கூப்பிட்டார். "நீ ஓட்டுனதாச் சொல்லிரு. நான் ஓட்டுனதுன்னா என் வேலை போயிரும். புதுத் தொரை வந்தா புது டிரைவரக் கூட்டிட்டு வருவாரு. வீடு யாருக்குன்னு யோசிச்சுக்க" என்றார். மிரட்டவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் நான் உட்கார்ந்து டீ குடித்தது இதுதான் முதல் தரம்.

வீடு போனால் எங்கே போவது? றோசலினுடைய அண்ணன் குடும்பம் மாதிரி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதா? போலீஸ் பேப்பர் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. துரை வாசித்துக் காட்டினார். அலோசியஸ் ஓட்டினான், பனிமூட்டம், அந்தப் பெண் நடு ரோட்டில் வந்தாள். எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

நடு ரோட்டில் எதற்கு நடந்தாள்? அறிவு கெட்டவள். கொஞ்சம் ஓரமாகப் போயிருந்தால் — சீ. என்ன எழுதுகிறேன்.

ஏப்ரல் 28, சனி
நாளை நானுஓயா ஓட்டம். ரேஸ் பேட் அப்படியே இருக்கட்டும் என்றார். இருக்கிறது. வண்டியின் முன்பக்கத்தைக் கழுவினேன்.

மே 20, ஞாயிறு
பூசை முடிந்து றோசலினோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலாயியக்காவின் காலை எடுக்கவில்லை, ஆனால் எலும்பு வளைந்துதான் கூடியிருக்கிறது. இனி மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாது. என்னைக் கண்டதும் அவள் புருஷன் செல்லசாமி எழுந்து வெளியே போய்விட்டான். வேலாயியக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தோம்.

வாசலில் றோசலின் பிடித்துக்கொண்டாள். "அவங்ககிட்டயாவது உண்மையச் சொல்லுங்க."

"சொல்லு. நாளைக்கே லயத்து வீடுங்க பூரா தெரியும். அப்புறம் நீயும் மூட்டையக் கட்டு" என்றேன்.

பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஜூன் 4, திங்கள்
ரேஸ் பேட்டைக் கழற்றச் சொன்னார் துரை. இந்த வருட ஓட்டமெல்லாம் முடிந்துவிட்டதாம். அரை மணி நேர வேலை.

நவம்பர் 12, திங்கள்
வேலாயியக்காவுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கொடுத்திருக்கிறார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. தினமும் காலையில் அதே ரோட்டில்தான் தடியை ஊன்றிக்கொண்டு போகிறாள். வண்டி திருப்பத்தில் வரும்போதே நின்று, யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கிறாள். துரை ஓட்டினால் ஓரமாக ஒதுங்கி சலாம் சொல்கிறாள். நான் ஓட்டினால் ரோட்டை விட்டு மேட்டில் ஏறிவிடுகிறாள்.

இன்று மழை. மேடு வழுக்கியது. தடியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்து ஏறினாள். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன்.

"எறங்கி வாங்கக்கா. நீங்க போன பொறவு நான் போறேன்."

தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல தம்பி, நீங்க போயிருங்க" என்றாள். "தொரை ஓட்டுனா எனக்குப் பயமில்ல."

தடியை எடுத்து மேட்டில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.