மூஸ் கண்டவனுக்கே கடைசி ரோல்

என் ஆசைக் கள்ளன் குகனுக்கு,

போன சனிக்கிழமை அல்கொங்குவின் பூங்காவின் காட்டு வீதியில் என் மானம் போனது. அவசரத்துக்கு வானை ஓரங்கட்டிவிட்டுப் பற்றைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்த வீதியில் ஒரு வாகனம் நின்றால் மூஸ் மான் நிற்கிறது என்றுதானே சனம் நினைக்கும்? திரும்பிப் பார்த்தால் வரிசையாகக் கார்கள். ஒரு கிழவி பைனாகுலரை என் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீ இருந்திருந்தால் மில்லிக்கனில் வீடு வந்து சேரும்வரை சிரித்திருப்பாய். சிரி. நான் போனது உன்னைப் பழிவாங்கத்தான்.

ஒவ்வொரு கோடையும் நான் ஓட்டுவேன், முன் சீட்டில் நீ. குதிரையைவிட உயரமான அந்தக் கொம்பு மானை முதலில் காண்பவனுக்கே கடைசி மட்டன் ரோல் என்று சட்டம் போட்டதும் நீதான். "அங்க பார் மச்சான், மூஸ்!" என்பாய். நான் திரும்பமுன்னம், "சீ, காட்டுக்குள்ள போட்டுது" என்பாய். ரோல் உன் வாய்க்குள் போய்விடும். என் கண்தான் பிழை என்று நான் கண்ணாடிகூட மாற்றினேனே!

நீ செத்து எட்டாம் நாள், உன் எட்டுச் செலவன்று, உன் மகள் போட்டுடைத்தாள். "மாமா, அப்பா ஒரு மூஸும் காணேல்ல. எங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

அழுதுகொண்டிருந்த நான் அப்படியே நிறுத்திவிட்டேன். செத்தவனின் சேர்ட்டை எப்படிப் பிடித்து உலுப்புவது? அன்றைக்கே முடிவெடுத்தேன்: உண்மையான மூஸ் ஒன்றைக் கண்டு, உன் ரோலை நானே தின்பது.

இந்த முறை உன் சீட்டில் உன் மனிசி, என் தங்கச்சி, இருந்தாள். "அண்ணை, அவருக்கும் ஒரு ரோல் வச்சிருக்கிறன்" என்றாள்.

"உவனுக்கோ? உவனுக்கு ஒண்டும் குடாத!"

"அவர் செத்தும் விடமாட்டியளோ?" உன் மனிசி சிரித்தாள்.

பற்றைக் கூத்து முடிந்து கொஞ்சத் தூரம்தான். பீவர்கள் தடி அடுக்கிக் கட்டிய அணைக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில் அது நின்றது. வாயில் தண்ணீர்ப் பாசி தொங்கியது. தங்கச்சி யன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரை. பின்னால் பிள்ளைகள் போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். அது என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு காட்டுக்குள் போட்டுது.

சாட்சிக்கு ஒருவரும் இல்லை. சொன்னால் நானும் உன்னைப்போல் கள்ளன்தான். நீயும் ஒருமுறையாவது உண்மையாகவே கண்டிருப்பாயோ? ஒருவரும் நம்பவில்லையோ?

அதற்காக மன்னித்தேன் என்று நினைக்காதே. ரோலைத் தின்றுவிட்டேன், ஒரு துண்டுகூட மிச்சமில்லை. வருகிற கோடையும் போவேன், அதையும் நானே தின்பேன். இது சத்தியம்.

ஒன்று மட்டும். அதைக் கண்டவுடன் என் தலை உன் சீட்டுப் பக்கம் திரும்பியது, வாயும் திறந்தது. தங்கச்சி எழும்பிவிடுவாள் என்று விழுங்கினேன்:

"அங்க பார் மச்சான், மூஸ்!"

உன் மனிசியின் தமையன்