கழலாத கீல்கள்

தை 8, திங்கள்

பனி. பத்து மணி வரை சேர்வராயன் மலை கண்ணில் படவில்லை. பரணிலிருந்து மாயப்பெட்டியை இறக்கினோம். ஆறு பலகை, பன்னிரண்டு கீல், பன்னிரண்டு ஊசி. ஊசியைச் செருகினால் பெட்டி. உருவினால் வெறும் பலகைக் கட்டு. எல்லாம் துரு. சனிக்கிழமை எடப்பாடியில் நெசவாளர்கள் முன் இவருடைய மாயவித்தைக் காட்சி. பதினைந்து வருடம் கழித்து நினைவு வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பேச்சே குறைந்துபோன மனிதர், கண்ணாடி முன் பேசிப் பழகுகிறார்.

மணமான புதிதில் திரைக்குப் பின்னால் நான் பலகையைப் பிடிப்பேன், இவர் ஊசி செருகுவார். ஆர்மோனியக்காரர் ஒரு பாட்டு முடிப்பதற்குள் பெட்டி நிற்கும். கணிதம் படித்த பி.ஏ., பள்ளிக்கூட டீச்சர் நான், உள்ளே போய் மறைவேன். வித்தையில் எனக்கு என்றுமே நம்பிக்கை இல்லை. அந்த அவசரம் பிடித்திருந்தது. இவர் சட்டையில் தேங்காயெண்ணெய் வாசனை.

தை 9

கீல்களைச் செப்பனிடக் கொண்டப்பநாயக்கன்பட்டி கொல்லர் பழனியிடம் பெட்டி.

"என்ன பொட்டிங்க இது?"

"துணி வைக்கற பெட்டி" என்றார் இவர். தொழில் ரகசியமாம். என் தங்கைக்குக்கூட நான் சொன்னதில்லை.

தை 11, வியாழன்

பெட்டி வந்தது. வண்டியில், பூட்டி நின்றபடி! ஊசிமுனை அத்தனையையும் அடித்துப் பரத்திவிட்டார் பழனி.

"ஊசி உருவிக்கிட்டு உழுந்தா துணி வீணாப் போயிருமுங்க. இனி ஏழு தலைமுறைக்கும் கழலாதுங்க."

வாசலில் நுழையவில்லை. எடப்பாடி போகும் கரிவாயு பஸ்ஸின் கூரையிலும் ஏறாது. உள்ளிருந்து நான் திறக்கவேண்டிய பின்பலகையும் இறுகிவிட்டது. துணிப்பெட்டிக்கு அருமையான வேலை. குறை சொல்ல வழியில்லை.

"பழனிகிட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்றேன்.

"மாட்டேன். வரலைன்னு எழுதிடறேன்."

சாப்பிடவில்லை. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

தை 12

இவர் குளிக்கப் போன நேரம் கிளம்பினேன். பழனியிடம் எல்லாம் சொல்லியாயிற்று. எந்த ஊசி, எந்தப் பலகை, நான் ஒளியும் இடம். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

"மொதல்லயே சொல்றதுக்கு என்னுங்க சாமி? ஊரை ஏமாத்துங்க, கொல்லனை ஏமாத்தலாங்களா!"

மாலைக்குள் புது ஊசிகள். இழுக்கச் சுலபமாகத் தலையில் வளையம். நான் ரகசியத்தைச் சொன்னதில் இவருக்குக் கோபம். ஆனால் ஒவ்வொரு வளையத்தையும் இழுத்துப் பார்த்தார்.

தை 13, எடப்பாடி

பழனி முன்வரிசையில். எல்லாம் தெரிந்தவர் எதிரில் என்ன வித்தை என்று இவர் ஊசிகளை மாற்றி மாற்றிச் செருகினார். பெட்டி பூட்டி முடிக்க இரண்டு பாட்டு ஆயிற்று. உள்ளே போனேன். முழங்கால் வலி. பின்பலகை ஊசி சத்தமில்லாமல் வந்தது. பின்னால் கறுப்புத் துணிக்குள் மூச்சடக்கி நின்றேன். இவர் முன்பலகையைத் திறந்தார். உள்ளே யாருமில்லை.

பிறகு பழனியின் குரல், ஊருக்கே கேட்கும்படி: "அடங்கொப்புரானே! நாஞ் செஞ்ச பொட்டிதானுங்க. டீச்சரம்மா எங்கீங்க போனாங்க?"

இவர் இருமுறை தட்டினார், வரச் சொல்லி. நான் இன்னும் கொஞ்சம் அங்கேயே நின்றேன்.