தம்பி போடாத கையெழுத்து

சேசு மரி சூசை

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
19.8.1984

அன்பு மகள் அருள்ஜோதிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் தம்பி இயேசுதாசனும் சுகம். ஆஸ்திரேலியாவில் இப்போது கடுங்குளிர் என்கிறார்கள், பயிற்சி முகாமில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் என் கவலை.

நீ இதில் தலையிட வேண்டாம் என்று சொல்லியும் ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபப்படாதே. விண்வெளிக்குப் போகும் பெண்களுக்கு மட்டும் அப்பாவோ கணவரோ சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தென்கடல் விண்வெளித் திட்டத்தார் கேட்டதையும், முப்பத்தொரு வயதில் யார் கையெழுத்தும் எனக்குத் தேவையில்லை என்று நீ மறுத்ததையும் எழுதியிருந்தாய். அப்பா தவறிவிட்டதால் அந்தத் தாளைத் தம்பி பெயருக்கே அனுப்பிவிட்டார்கள். அம்மா நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கு அதில் இடமே இல்லை. தம்பி படித்துவிட்டுச் சிரித்தான். "அக்காதான் எனக்கு ஏ பி சி சொல்லிக் குடுத்துச்சு, அதுக்கு நான் பெர்மிஷன் குடுக்கிறதா? முடியாதுலா" என்றான். எனக்குத்தான் பயம். போடாவிட்டால் உன்னை நீக்கிவிடுவார்களே, ஏழு வருட உழைப்பாயிற்றே. போட்டுவிடுடா என்று அவனிடம் கெஞ்சினேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். "நாம போட்டுட்டா, அக்கா அங்க ஒத்தையா நிக்கிறதுக்கு அர்த்தமே இல்லம்மா" என்றான். அந்தத் தாளை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஃபேக்டரிக்கு லீவு போட்டு இருவரும் ஷென்டன் வேயில் இருக்கும் அந்தத் திட்டத்தாரின் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். ஆபத்தான வேலை, பெண்பிள்ளை, குடும்பத்தின் சம்மதம் வேண்டாமா என்றார். "ஆம்பளைப் பிள்ளைங்க போனா மட்டும் ராக்கெட்டு வெடிக்காதா சார்? அவங்க வீட்டுக்கு இந்தத் தாள் போச்சா?" என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கையெழுத்தில்லாத தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தோம்.

முந்தாநாள் அந்த அதிகாரியே போன் செய்தார். உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நீயும் உன்னோடு பயிற்சி எடுக்கும் கதீஜாவும் மற்ற நான்கு பெண்களும் சேர்ந்து இந்த விதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்களாமே, இன்னும் இரண்டு வீட்டாரும் எங்களைப் போலவே தாளைத் திருப்பிவிட்டார்களாம். விதியை எடுத்துவிட்டார்கள், நவம்பர் பயணத்தில் உன் பெயர் இருக்கிறது என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று போன வருடம் கேட்ட சவரிராஜ் மாமா, இன்று பூசை முடிந்ததும் கோவில் வாசலில் எல்லாரையும் நிறுத்தி "நம்ம ஜோதி, நம்ம ஜோதி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளட்டும்.

நீ மேலே போகும் நாளில் நான் பயப்படத்தான் செய்வேன். அது என் பாடு, அதற்காக நீ தயங்காதே. வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கதீஜாவுக்கு என் அன்பைச் சொல். உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன் மகளே, மாதா உன்னோடு வருவாள். புறப்படும் முன் மறக்காமல் போன் செய், உன் குரலைக் கேட்க வேண்டும்.

அன்புள்ள அம்மா
பிலோமினம்மாள்