திமிங்கலத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு

பிப்ரவரி 3, செவ்வாய்

வார்டிலிருந்து நேராக ஆங்கிலத் தேர்வுக்கான ஸ்பீக்கிங் வகுப்பு. இன்றைய தலைப்பு மியூசியம். "யாரோட போனீங்க, என்ன பாத்தீங்க, ரெண்டு நிமிஷம் நிறுத்தாம பேசணும்" என்றார் மாஸ்டர். வகுப்பு முழுக்க நர்ஸ்கள். ஒருத்திகூடப் போனதில்லை. நான் மட்டும் கையைத் தூக்கினேன்.

பத்து வயதில் அப்பா கூட்டிப்போனார், மில்லில் இரவு ஷிப்ட் முடித்து முகம் கழுவிய கையோடு. கூரையிலிருந்து ஒரு திமிங்கல எலும்புக்கூடு தொங்கியது. அதற்குக் கீழே ஒரு பெஞ்சு. "நீ சுத்திப் பாத்துட்டு வா" என்று சொல்லி அதில் படுத்தவர் தூங்கியே போனார். கம்பி அறுந்து எலும்பு அப்பா மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் நான் வேறெதையும் பார்க்காமல் அங்கேயே காவல் நின்றேன். நான் மியூசியம் பார்த்த லட்சணம் அவ்வளவுதான்.

இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. "சொந்தக் கதை இல்லாதவங்க இதையே வச்சுக்கங்க" என்று மாஸ்டர் பொதுவில் போட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிப்ரவரி 5

சின்னவள் இன்று என் கதையைச் சொன்னாள். நன்றாகச் சொன்னாள்.

பிப்ரவரி 6

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. சின்னவள் என்றால் என் கொழுந்தன் மனைவி. அதே ஆஸ்பத்திரி, அதே வகுப்பு, வீட்டுக்கு வந்தால் அதே அடுப்படி. எல்லாவற்றிலும் பாதி அவளுக்குத்தான். அப்பாவிலுமா?

"என் அப்பா" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டினாள். தூங்கும்போது அதைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தாராம். மகள் அதைப் போட்டுக்கொண்டு திமிங்கலத்தைப் பார்த்தாளாம். எங்கப்பா கண்ணாடியே போட்டதில்லை! மாஸ்டர் கைதட்டுகிறார். பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைக்கிறாள். நான் சொன்னபோது அதே ஆள் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

வயிறு எரிகிறது. என்ன எரிச்சல் தெரியுமா — அந்தக் கண்ணாடி எனக்கும் பிடித்திருந்தது.

பிப்ரவரி 10

வெங்காயம் நறுக்கும்போது கேட்டே விட்டேன். "உனக்கு வேற கதையே கெடைக்கலையா?"

"நான் கதைக்கு எங்க போவேன்க்கா? எங்கப்பா போட்டோல மட்டும்தான் இருக்காரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு." தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "போட்டோல கண்ணாடி போட்டிருப்பாரு" என்றாள்.

இனி நான் என்ன சண்டை போட? அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாள். நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது.

பிப்ரவரி 22

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஆள் எடுக்கிறது. ஸ்பீக்கிங்கில் ஒன்பதுக்கு ஏழு வாங்கினால் போகலாம், இல்லையென்றால் இதே வார்டு, இதே அடுப்படி. அத்தை, எங்கள் மாமியார், சொல்கிறார்: "சின்னவ எப்படியும் வாங்கிடுவா. நீயும் முயற்சி பண்ணும்மா."

'நீயும்' முயற்சி பண்ணணுமாம்.

மார்ச் 14, சனி

டெஸ்ட் முடிந்தது.

எனக்கு மியூசியமேதான் வந்தது. கும்பிடாத குறை. அப்பா, பெஞ்சு, திமிங்கலம் என்று ஆரம்பித்தால், ஐயோ, வாயில் வருவதெல்லாம் அவள் வாக்கியம். அப்பா கண்ணாடியைக் கழற்றுகிறார். சட்டென்று நிறுத்திவிட்டேன். நிறுத்தவே கூடாது என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.

"மன்னிக்கணும், என் அப்பாவுக்குக் கண்ணாடி கிடையாது. அது என் கொழுந்தன் மனைவி மாட்டிவிட்டது" என்றேன். தேர்வு எடுத்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அவள் எப்படி எடுத்தாள், யார் யார் கைதட்டினார்கள், எனக்கு எப்படி எரிந்தது, அத்தனையும் ஆங்கிலத்தில்! கோபத்துக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று எனக்கே தெரியாது. நேரம் முடிந்துவிட்டது என்று அவர்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

சின்னவளுக்குச் சத்தம் போடும் பக்கத்து வீட்டுக்காரர் என்ற தலைப்பு வந்ததாம். அவள் தயார் செய்திருந்தது மியூசியம் ஒன்றுதான். "அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்னை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாருன்னு இழுத்துப் பாத்தேன்க்கா. அப்புறம் வார்த்தையே வரல." பஸ்ஸில் வரும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னாள். வீட்டு வாசலில்தான் அழுதாள்.

மார்ச் 27

எனக்கு ஏழரை. அவளுக்கு ஆறு.

குதிக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "பாவம், ஒரு வாய்கூடச் சாப்பிடல. நீயாவது ஊட்டி விடு." ஜெயித்தது நான். ஊட்டுவது அவளுக்கு. இதில்கூட அவள்தான் முதல்.

ஊட்டினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அவள் மறுபடி தேர்வு எழுதப் போகிறாள். "அக்கா, ஒரு தடவை அந்த மியூசியத்தைக் கண்ணால பாத்துட்டு வந்துடலாமா?" என்றாள். பஸ் போகும் தூரம்தான். இத்தனை வருஷம் எனக்கு ஏன் தோன்றவில்லை?

திமிங்கலம் அங்கேயே தொங்குகிறது. நான் நினைத்ததைவிடச் சின்னது. பெஞ்சும் இருக்கிறது, புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தேன். அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பெஞ்சையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அப்பா தலை எந்தப் பக்கம் வச்சிருந்தாரு?"

'உங்கப்பா' என்று சொல்லவில்லை. வெறும் 'அப்பா'. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இந்தப் பக்கம்" என்று காட்டிவிட்டு, அவள் முந்துவதற்குள் அங்கே போய் நான் உட்கார்ந்துகொண்டேன். கால் பக்கத்தை அவளுக்கு விட்டேன்.